ஆத்தங்குடி தரையில ஈரப்பாதம்: அதிக வேர்வை பத்தி அடியிலேர்ந்து

எங்க பழைய வீட்ல முகப்புலேர்ந்து வளவு வரைக்கும் ஆத்தங்குடி கல்லுதான் தரை. செருப்பில்லாம நான் நடந்தா எங்கேர்ந்து எங்க போனேன்னு யாரும் கேக்கவே வேண்டாம், ஈரப்பாதம் வரிசையா பதிஞ்சிருக்கும். கோகுலாஷ்டமிக்கு தெருவுல மாவுப் பாதம் போடுறப்ப அப்பத்தா என் காலைப் பாத்துட்டு "நம்ம வீட்டுக்கு மட்டும் கண்ணன் வருசம் பூரா வந்து போறான்டா"ன்னு சொல்லிச் சிரிக்கும்.

சின்ன வயசுல அது காமெடி. அப்புறம் இல்ல. பத்தாவது பரீட்சையில கைக்குக் கீழ பேப்பர் ஊறிக் கிழிஞ்சது, ஒரு கல்யாண வீட்ல மொய் எழுத உக்காந்து மை பூரா இழுவி பங்காளி ஒருத்தர் பேரே காணாமப் போச்சு, அவரு இன்னைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாரு. இப்ப காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு பழைய சாமான் கடையில கணக்கு எழுதுறேன். பாலிஷ் போட்டு வச்ச பித்தளை விளக்கை நான் தொட்டா மட்டும் கொஞ்ச நாள்ல விரல் அச்சு கருப்பாத் தெரியும், வேர்வையில இருக்குற உப்பு பண்ற வேலை அது. முதலாளி அண்ணே எனக்குன்னே காட்டன் கையுறை வாங்கி கல்லாப் பக்கத்துல வச்சிருக்காரு.

இதை வெளிய சொன்னா ஆளாளுக்கு ஒரு வைத்தியம். "உடம்பு சூடு, எண்ணெய் தேச்சுக் குளி." "பயந்த சுபாவம், கோயிலுக்குப் போயி மந்திரிச்சுட்டு வா." "கெட்ட தண்ணிதான, போகட்டும் விடு." ஒரு டாக்டர் கூட "டென்ஷனக் கொறைங்க தம்பி"ன்னு சத்து மாத்திரை எழுதிக் குடுத்து அனுப்பிட்டாரு. ரொம்ப வருசம் கழிச்சு ஒரு தோல் டாக்டர் உக்கார வச்சுப் படம் போட்டு விளக்கினப்பதான், இது சூட்டோட பிரச்சனை இல்ல, தைரியத்தோட பிரச்சனையும் இல்ல, நரம்புங்கிற ஒயர்ல வர்ற ஆர்டர் ஓவரா வர்ற பிரச்சனைன்னு புரிஞ்சுது. அவரு சொன்னதையும் அதுக்கப்புறம் நான் தேடிப் படிச்சதையும் சேத்து, ஒண்ணுமே தெரியாதவங்களுக்குப் புரியற மாதிரி எழுதுறேன்.

## மண்பானை ஏன் சில்லுன்னு இருக்கு

வேர்வை எதுக்கு வருதுன்னு புரிய வீட்ல இருக்குற மண்பானையப் பாத்தா போதும். பானைச் சுவத்துல கண்ணுக்குத் தெரியாத ஓட்டைங்க இருக்கு, அது வழியா தண்ணி கசிஞ்சு வெளிப்பக்கம் ஈரமாகுது. அந்த ஈரம் ஆவியாப் போகணும்னா அதுக்கு சூடு வேணும், அந்தச் சூட்டப் பானையிலேர்ந்தே உருவிக்குது, உள்ள இருக்குற தண்ணி குளுந்துடுது. நம்ம தோலும் அதே வேலையத்தான் பண்ணுது. ஒரு லிட்டர் வேர்வை முழுசா ஆவியாப் போனா உடம்புலேர்ந்து சுமார் 580 கிலோகலோரி சூட்ட எடுத்துட்டுப் போயிடும். ஒரு ஆள் ஒரு நாள்ல சாப்பிடுறதுல கால் பங்கு கணக்கு அது, சாதாரண விஷயம் இல்ல.

இதுல ஒண்ணு கவனிங்க. குளுர வைக்கிறது வேர்வை வர்றது இல்ல, அது ஆவியாப் போறது. அதனாலதான் கத்திரி வெயில்ல காத்து காஞ்சு அடிக்கிறப்ப எவ்ளோ வேர்த்தோம்னே தெரியாது, சட்டையில வெள்ளையா உப்புக்கோடு மட்டும் இருக்கும். அதே ஆளு சென்னைக்குப் போனா நசநசன்னு ஊத்தும், ஏன்னா அங்க கடல் காத்துல ஏற்கனவே ஈரம் ஜாஸ்தி, வேர்வைக்கு ஆவியாப் போக எடம் இல்ல, சொட்டு சொட்டா கீழ விழும். கீழ விழுந்த சொட்டு உடம்பக் குளுர வைக்கவே இல்ல, வீணாப் போன தண்ணி. மழைக்கு முன்னாடி புழுக்கமா இருக்குற நாள்ல மண்பானைத் தண்ணியும் அவ்ளோ குளுராது, கவனிச்சிருப்பீங்க.

வேர்வையில என்ன இருக்கு? 100ல 99 பங்கு தண்ணி. மிச்சத்துல முக்கால்வாசி சாப்பாட்டு உப்பு, அப்புறம் ரொம்பக் கொஞ்சம் யூரியா, லாக்டேட் மாதிரி சில சாமான். "கெட்ட தண்ணி"ன்னு ஒண்ணு தனியா கிடையாது. உடம்புல கழிவ வெளியேத்துறது கிட்னியும் கல்லீரலும், அவங்க வேலைய வேர்வை பாக்குறதில்ல.

இதுவரைக்கும்: வேர்வை ஒரு குளுர் வைக்கிற ஏற்பாடு. ஆவியானாதான் பலன். அழுக்கு வெளிய போறதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

## ரெண்டு வகை ஊத்து

நம்ம தோல்ல 20 லேர்ந்து 40 லட்சம் வேர்வை ஊத்து இருக்கு. அதுல பெரும்பாலானது எக்ரைன் சுரப்பி. இது உடம்பு பூராவும் இருக்கு, உள்ளங்கை உள்ளங்கால் நெத்தியில ரொம்ப நெருக்கம், தண்ணி மாதிரி வேர்வைய நேரா தோலுக்கு மேல விடும். இன்னொண்ணு அப்போக்ரைன் சுரப்பி. இது அக்குள், தொடையிடுக்கு மாதிரி எடத்துல மட்டும், வயசுக்கு வந்தப்புறம்தான் வேலை செய்யும், கொஞ்சம் கொழுப்பு கலந்த வேர்வைய முடி இருக்குற குழி வழியா விடும்.

நாத்தம் எங்கேர்ந்து வருதுன்னா, ரெண்டு வேர்வைக்குமே வந்த உடனே பெருசா வாடை கிடையாது. அப்போக்ரைன் வேர்வையில இருக்குறத தோல்ல குடியிருக்குற பாக்டீரியா தின்னு உடைக்கிறப்பதான் அந்த வாடை. அதனால "நிறைய வேர்க்குது" வேற, "நாறுது" வேற. என் கை சொதசொதன்னு இருக்கும், நாறாது. இந்த ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்புறதுனாலதான் நிறைய பேரு தப்பான சாமான வாங்குறாங்க, அதுக்கு அப்புறம் வரேன்.

## மாடி டேங்கும் ஆட்டோமேட்டிக் மோட்டாரும்

இப்ப முக்கியமான எடம். மாடி டேங்குக்கு ஆட்டோமேட்டிக் மோட்டார் வச்சிருக்கீங்கன்னு வைங்க. டேங்குல ஒரு சென்சார், அதுலேர்ந்து ஒரு கன்ட்ரோல் பெட்டி, பெட்டியிலேர்ந்து ஒயர், ஒயர் முடியிற எடத்துல மோட்டார், மோட்டார்லேர்ந்து பைப்பு, பைப்பு முனையில கொழாய். தண்ணி கொறஞ்சா சென்சார் சொல்லும், பெட்டி ஆர்டர் போடும், மோட்டார் ஓடும், நெறஞ்சா நிக்கும்.

உடம்புலயும் இதே வரிசை. தோல்லயும் ரத்தத்துலயும் சூடு ஏறுனா சேதி போய்ச் சேர்ற கன்ட்ரோல் பெட்டி மூளைக்குள்ள அடியில இருக்கு, பேரு ஹைபோதாலமஸ். பெட்டியிலேர்ந்து கிளம்புற ஒயர்தான் சிம்பதெடிக் நரம்பு, நாம நினைக்காமலே தானா வேலை செய்யிற நரம்புக் கூட்டம் அது, நெஞ்சு படபடக்கிறதும் அது வேலைதான். இந்த ஒயரோட நுனி வேர்வைச் சுரப்பிய நேராத் தொடாது, நடுவுல ஒரு துளி இடைவெளி. அந்த இடைவெளியத் தாண்டிப் போய் "ஓடு"ன்னு சொல்ற தூதுவன் அசிடைல்கோலின்னு ஒரு கெமிக்கல். சொன்ன உடனே சுரப்பிங்கிற மோட்டார் ஓடுது, குழாய் வழியா தண்ணி தோலுக்கு வருது.

அதிகமா வேர்க்குறவங்களுக்கு இந்த வரிசையில எது ரிப்பேர்? எல்லாரும் நினைக்கிறது மோட்டாரு. ஆனா நிறைய வேர்க்குறவங்களோட சுரப்பிய மைக்ராஸ்கோப்ல பாத்தா மத்தவங்க சுரப்பி மாதிரியேதான் இருக்கு, எண்ணிக்கையும் ஜாஸ்தி இல்ல, பெருசும் இல்ல. மோட்டார் நல்ல மோட்டார். பைப்பும் நல்ல பைப்பு. பெட்டியிலேர்ந்து ஆர்டர்தான் தேவையில்லாம வந்துட்டே இருக்கு, டேங்க் நெறஞ்சு வழிஞ்சாலும் நிக்காம. இப்படி உடம்பக் குளுர வைக்கத் தேவையானதுக்கு மேல வேர்க்குற நிலைக்கு டாக்டருங்க வச்ச பேரு ஹைப்பர்ஹைட்ரோசிஸ். வாயில நுழையாத பேரு, நாம அதிக வேர்வைன்னே சொல்லிக்குவோம்.

## அப்ப உள்ளங்கை மட்டும் ஏன்?

எனக்கு ரொம்ப நாள் புரியாத கேள்வி. முதுகு காஞ்சு கெடக்கு, கை மட்டும் தண்ணி. சூடுன்னா உடம்பு பூராவும்ல வேர்க்கணும்?

அந்தக் கன்ட்ரோல் பெட்டிக்கு சூட்டு லைன் மட்டும் வரல, மனசுலேர்ந்து இன்னொரு லைனும் வருது. பயம், பரபரப்பு, கவனம், வெக்கம் எல்லாம் அந்த லைன்ல வரும். உள்ளங்கை உள்ளங்கால் சுரப்பிங்க பெரும்பாலும் கேக்குறது இந்த ரெண்டாவது லைனத்தான், அக்குள் ரெண்டையும் கேக்கும். எதுக்கு இப்படி ஒரு ஏற்பாடுன்னா, பேங்க்ல நோட்டு எண்ணுறவரு பக்கத்துல ஈர ஸ்பாஞ்ச் டப்பா வச்சிருப்பாருல்ல, விரல்ல லேசா ஈரம் இருந்தாதான் நோட்டு புடிபடும். ஆபத்துல ஓடுறப்ப, மரத்துல ஏறுறப்ப, கைகால்ல லேசா ஈரம் இருந்தா பிடி நிக்கும். அந்த லேசான ஈரம் எல்லாருக்கும் வரும், எங்கள மாதிரி ஆளுங்களுக்கு ஸ்பாஞ்ச் டப்பாவையே கவுத்துடுது.

"அப்ப பயம்தான காரணம்"னு கேப்பீங்க. நான் வீட்ல டிவி முன்னாடி உக்காந்து முறுக்கு தின்னுட்டு இருக்குறப்பவும் வேர்க்கும், முறுக்குக்கு யாரு பயப்படுவா. மத்தவங்களுக்குப் பெரிய பயம் வந்தாதான் அந்த லைன் அடிக்கும், எங்களுக்கு சும்மா தொட்டாலே அடிக்குது, அவ்ளோதான் வித்தியாசம். ஆனா ஒரு கெட்ட சுத்து இதுல இருக்கு. கை குடுக்குறதுக்கு முன்னாடி "வேர்த்துடுமோ"ன்னு ஒரு நினைப்பு வரும், நினைச்ச உடனே வேர்க்கும், வேர்த்தது தெரிஞ்ச உடனே இன்னும் வேர்க்கும். பயம் வேர்வைய உண்டாக்குறத விட வேர்வை உண்டாக்குற பயம்தான் எங்களுக்கு ஜாஸ்தி.

இன்னொரு அடையாளம், தூங்குறப்ப நின்னுடும். எங்க வீட்டம்மா ஒரு தடவ மே மாசம் கரண்ட் போன ராத்திரியில என் கையத் தொட்டுப் பாத்துட்டு காலையில சொன்னா, "உங்க கை காஞ்சு கெடந்துச்சுங்க"ன்னு. உடம்புச் சூடுதான் காரணம்னா அந்த வேக்காட்டுல கை ஊத்திருக்கணும். தூங்குறப்ப அந்த ரெண்டாவது லைன் அடங்கிடுது, அதான்.

சுருக்கமா: சுரப்பி நல்லாத்தான் இருக்கு, ஆர்டர்தான் ஓவர். கை, கால், அக்குள் வேர்வை மனசு லைன்லேர்ந்து வருது. முழிச்சிருக்குறப்ப மட்டும் வரும்.

## எவ்ளோ வேர்த்தா "அதிகம்"?

லிட்டர் கணக்கு எல்லாம் கிடையாது. டாக்டருங்க பாக்குறது இதைத்தான்: வேற காரணம் எதுவும் தெரியாம ஆறு மாசத்துக்கு மேல கண்ணுக்குத் தெரியற மாதிரி வேர்க்குதா, அதோட கூட ரெண்டு பக்கமும் ஒரே மாதிரியா, வாரத்துக்கு ஒரு தடவையாவது வருதா, 25 வயசுக்கு முன்னாடியே ஆரம்பிச்சுதா, வீட்ல வேற யாருக்காவது இருக்கா, தூங்குறப்ப நிக்குதா, அன்றாட வேலையக் கெடுக்குதா. இதுல ரெண்டு பொருந்தினாலே இது தானா வர்ற வகைன்னு முடிவு பண்ணிடலாம். எனக்கு எல்லாமே பொருந்துச்சு. எங்க ஐயாவும் எப்பவும் தோள்ல துண்டும் கையில கைக்குட்டையுமா இருப்பாருன்னு அப்பத்தா அப்புறமாத்தான் சொல்லுச்சு, கேக்காம யாரு இதெல்லாம் சொல்றா.

அமெரிக்காவுல எடுத்த கணக்குகள்ல 100 பேருக்கு 3 லேர்ந்து 5 பேருக்கு இது இருக்குன்னு வந்திருக்கு. அதாவது ஒரு கல்யாணப் பந்தியில ஒரு வரிசைக்கு ரெண்டு பேராவது, யாரும் வாயத் திறக்கிறதில்ல.

எந்த எடத்துல வேர்க்குதுன்னு பாக்க ஒரு அழகான டெஸ்ட் இருக்கு. பள்ளிக்கூடத்துல சாதத்துல அயோடின் ஊத்தி கருநீலமா மாறுதான்னு பாத்தோமே, அதேதான். தோல்ல அயோடின் தடவிக் காய விட்டு மேல ஸ்டார்ச் மாவு தூவுவாங்க, வேர்வை வந்த எடம் மட்டும் கருநீலமா மாறிடும். வீட்ல பண்ணாதீங்க, அயோடின் அலர்ஜி இருக்கலாம், அதுவும் போக துணியில பட்டா போகாது.

## இந்த மாதிரி வேர்த்தா சும்மா இருக்காதீங்க

மேல சொன்னது தானா வர்ற வகை. இன்னொரு வகை, உள்ள வேற ஏதோ நோய் இருந்து அதோட சேந்து வர்றது. இதுக்கு அடையாளம், பெரும்பாலும் பெரிய வயசுல திடீர்னு ஆரம்பிக்கும், உடம்பு பூரா வேர்க்கும், தூக்கத்துலயும் வேர்க்கும்.

ராத்திரி படுக்கை நனையற அளவு வேர்வை, கூடவே காய்ச்சல், எடை கொறைஞ்சா டிபி மாதிரி நோய்களப் பாக்கணும், வேற சில நோய்லயும் இப்படி வரும், டாக்டர் பாத்தாதான் தெரியும். வேர்வையோட நெஞ்சுப் படபடப்பு, கை நடுக்கம், நல்லா சாப்பிட்டும் எடை எறங்குறதுன்னா தைராய்டு டெஸ்ட். மாதவிடாய் நிக்கிற வயசுல பெண்களுக்கு திடீர்னு மூஞ்சி சூடாகி வேர்க்கும், அது நோய் இல்ல, ஆனா தொந்தரவா இருந்தா வைத்தியம் இருக்கு. மனச்சோர்வுக்குக் குடுக்குற சில மாத்திரையும் வேர்வைய அதிகப்படுத்தும், அதுக்காக மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க. ஒரு பக்கம் மட்டும் வேர்க்குதுன்னாலும் காட்டிடுங்க.

ரெண்டு மட்டும் அவசரம். சுகருக்கு ஊசியோ மாத்திரையோ எடுக்குறவங்களுக்கு திடீர்னு குளுந்த வேர்வை, நடுக்கம், கண்ணக் கட்டுறதுன்னா சர்க்கரை எறங்குதுன்னு அர்த்தம், உடனே சர்க்கரையோ வெல்லமோ வாயில போடணும். நெஞ்சு வலியோ அழுத்தமோ இருந்து கூட குளுந்த வேர்வை வந்தா கேஸ் ட்ரபிள்னு சோடா குடிச்சுட்டு உக்காந்திருக்காதீங்க, 108க்கு அடிங்க.

## மிளகுக் கோழி சாப்பிட்டா ஏன் ஊத்துது

செட்டிநாட்டுல இருந்துட்டு இதைச் சொல்லாமப் போனா எப்படி. நாக்குல சூட்ட உணர்றதுக்குன்னு ஒரு சென்சார் இருக்கு, சுமார் 43 டிகிரிக்கு மேல சூடு பட்டா அடிக்கும். மிளகாயில இருக்குற கேப்சைசின் சூடே இல்லாம அந்த சென்சார அமுக்கி விட்டுடுது, மிளகுல இருக்குற பைப்பரினும் அதே சேட்டையத்தான் பண்ணுது. மூளைக்கு "வாய் வேகுது"ன்னு சேதி போகுது, அது நம்பி குளுர் வைக்க வேர்வைய விடுது, நெத்தியும் மேலுதடும் பொடிப்பொடியா வேர்க்கும். இந்த சென்சாரக் கண்டுபிடிச்சதுக்கு டேவிட் ஜூலியஸுக்கு 2021ல நோபல் பரிசுல பங்கு கெடச்சுது. நம்ம மெஸ்சுல உக்காந்து மூக்கச் சிந்துற ஒவ்வொருத்தரும் அந்த ஆராய்ச்சிக்கு சாட்சி.

காரத்துக்கு வேர்க்குறது எல்லாருக்கும் இயல்பு. அதனால அதிக வேர்வை இருக்கவங்க பூராப் பேரும் பத்தியச் சாப்பாடு சாப்பிடணும்னு இல்ல, மூஞ்சியில ஊத்துறவங்க மட்டும் முக்கியமான எடத்துக்குப் போறதுக்கு முன்னாடி காரத்தையும் சூடான காபியையும் கொறச்சுக்கிட்டா போதும்.

## வைத்தியம்: ஒயர்ல எங்க கை வைக்கிறது

மோட்டார் உதாரணத்த மறக்காதீங்க, எல்லா வைத்தியமும் அந்த வரிசையில ஏதோ ஒரு எடத்துலதான் வேலை செய்யுது. அது புரிஞ்சா எது ஏன் வேலை செய்யுது, எதுக்கு என்ன பக்க விளைவுன்னு தானாப் புரியும். கொழாய் முனையிலேர்ந்து மேல போவோம்.

மொதல்ல கொழாய அடைக்கிறது. கடையில டியோன்னு விக்கிற பெரும்பாலான ஸ்ப்ரே வாசனையும் பாக்டீரியாவக் கொறைக்கிற சாமானும்தான், வேர்வைய ஒரு சொட்டு கூட நிறுத்தாது. வேர்வைய நிறுத்துறது ஆன்டிபெர்ஸ்பிரன்ட், அதுல அலுமினிய உப்பு இருக்கும், பாட்டில் பின்னாடி பொடி எழுத்துல அலுமினியம்னு இருக்கான்னு பாருங்க. அந்த உப்பு வேர்வைக் குழாய் வாய்ல போய் சின்ன அடைப்பா உக்காந்துக்கும், நாளாக தோல் உரியறப்ப அதுவும் போயிடும். டாக்டர் எழுதிக் குடுக்குறது இதோட பலமான வடிவம், அலுமினியம் குளோரைடு, கைகாலுக்குப் பெரும்பாலும் 20 சதவீதம்.

இதை நிறைய பேர் தப்பாப் போடுறாங்க, நானும் போட்டேன். காலையில குளிச்ச ஈரத்தோட தடவினா பிரயோஜனம் இல்ல, ஏன்னா ஊத்துற கொழாய்ல அடைப்பு நிக்காது, அதுவும் போக ஈரத்தோட சேந்தா அமிலமாகி எரியும், அரிக்கும். ராத்திரி படுக்கப் போறப்ப, வேர்வை அடங்கின நேரத்துல, நல்லாத் துடைச்சுக் காய வச்ச தோல்ல தடவணும், காலையில கழுவிடணும். அக்குள்ல ஷேவ் பண்ண அன்னைக்குத் தடவக்கூடாது. ஒரு வாரம் பத்து நாள் தினமும், பலன் தெரிஞ்சப்புறம் வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவ போதும். கேன்சர் வரும்னு வாட்ஸ்ஆப்ல சுத்துற சேதிக்கு நம்பகமான ஆதாரம் இல்ல, கிட்னி பிரச்சனை இருக்கவங்க மட்டும் டாக்டரக் கேட்டுட்டுப் போடுங்க.

அப்பத்தா என் கைய படிகாரத் தண்ணியில முக்கச் சொல்லும், நான் கேலி பண்ணுவேன். படிகாரமும் அலுமினிய உப்புதான். பலம் கொறைவு, என் கைக்குப் பத்தல, ஆனா அது சொன்ன திசை சரிதான்.

அடுத்து கை காலுக்கு மின்சார வைத்தியம், பேரு அயன்டோஃபோரெசிஸ். ரெண்டு தட்டுல சாதாரணக் கொழாத்தண்ணி, அதுல கையோ காலோ வச்சுக்கணும், ரொம்பக் கொறைஞ்ச அளவு மின்சாரம் தண்ணி வழியா தோலுக்குள்ள போகும், ஊசி குத்துற மாதிரி குறுகுறுன்னு இருக்கும். ஒரு தடவைக்கு 20 லேர்ந்து 30 நிமிஷம், ஆரம்பத்துல வாரத்துக்கு மூணு தடவ, அப்புறம் வாரத்துக்கு ஒண்ணு. விட்டா திரும்ப வந்துடும், மருந்தடிக்கிற மாதிரி தொடர்ந்து பண்ணணும். பேஸ்மேக்கர் வச்சவங்க, கர்ப்பமா இருக்கவங்க, உடம்புல உலோகத் தகடு இருக்கவங்க பண்ணக்கூடாது. எனக்கு இப்ப ஓடுறது இந்த வைத்தியம்தான். வீட்லயே பேட்டரி, சார்ஜர் ஒயர் வச்சு செய்யிற வீடியோவெல்லாம் பாத்து இறங்கிடாதீங்க, அழகப்பச் செட்டியார் எடமும் பணமும் குடுத்து 1953ல சிக்ரிங்கிற மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் திறந்த ஊருங்க இது, தண்ணியும் கரண்டும் சேந்தா என்ன ஆகும்னு இந்த ஊர்ல நான் சொல்லணுமா.

மூணாவது, ஒயர் நுனியக் கட்டுறது. போடாக்ஸ் ஊசின்னு நடிகைங்க சுருக்கத்துக்குப் போடுறதா கேள்விப்பட்டிருப்பீங்க, அது நரம்பு நுனியிலேர்ந்து அசிடைல்கோலின் வெளிய வராம அடக்கிடும். தூதுவனே கிளம்பலைன்னா மோட்டாருக்கு எப்படித் தெரியும். அக்குள் வேர்வைக்கு அமெரிக்காவுல 2004லேயே அனுமதி குடுத்தாங்க. ஒரு தடவ போட்டா சுமார் ஆறு மாசம் நிக்கும், அப்புறம் திரும்பப் போடணும், செலவும் ஜாஸ்தி. உள்ளங்கையில போட்டா வலி அதிகம், கொஞ்ச நாளைக்குப் பிடி தளரலாம். விளக்குத் தூக்குற வேலைக்கு அது சரி வராதுன்னு நான் வேண்டாம்னுட்டேன்.

நாலாவது மாத்திரை. கிளைக்கோபைரோலேட், ஆக்ஸிபியூட்டினின் மாதிரி. இது தூதுவனத் தடுக்காது, அவன் உக்கார்ற சீட்டை முன்னாடியே புடிச்சுக்கும், டவுன் பஸ்ல ஜன்னல் வழியாத் துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி. சிக்கல் என்னன்னா இதே தூதுவன்தான் எச்சில், குடல், சிறுநீர்ப்பை, கண்ணுக்கெல்லாம் போறான், அங்கயும் துண்டு விழுந்துடும். அதான் வாய் வறளும், மலச்சிக்கல், கண்ணு மங்கல், சிலருக்கு ஒண்ணுக்குப் போக கஷ்டம். அதுக்கும் மேல, நம்ம ஊர் வெயில்ல உடம்பு பூரா வேர்வைய அமுக்கினா மண்பானைக்கு பெயின்ட் அடிச்ச கதை, உள்ள சூடு ஏறிடும். இந்த மாத்திரை சாப்பிடுறவங்க கத்திரி வெயில்ல வெளி வேலைக்குப் போறது ஆபத்து, கண்டிப்பா டாக்டர்கிட்ட உங்க வேலை என்னன்னு சொல்லுங்க.

கடைசியா மேல போஸ்ட் மரத்துலயே ஒயர வெட்டுறது, அதாவது நெஞ்சுக்குள்ள போய் சிம்பதெடிக் நரம்ப வெட்டுற இல்லாட்டி கிளிப் போடுற ஆபரேஷன். கை அன்னைக்கே காஞ்சிடும், அது உண்மை. ஆனா நிறைய பேருக்கு அப்புறம் முதுகு, நெஞ்சு, தொடையில புதுசா ஊத்த ஆரம்பிக்குது, ஈடுகட்டுற வேர்வைன்னு சொல்றாங்க, சிலருக்கு பழசே தேவலாம்ங்கிற அளவுக்கு. வெட்டினதத் திரும்ப ஒட்ட முடியாது. மத்த எல்லாத்தையும் பாத்துட்டு கடைசியாத்தான் இந்தப் பக்கம் யோசிக்கணும், என் கருத்து இது.

## தினப்படிக்கு

தண்ணியக் கொறச்சுக் குடிச்சா வேர்வை கொறையாது, நீர் வத்திப் போய் மயக்கம்தான் வரும். உப்புப் போட்ட மோரு, நீச்சத்தண்ணி நல்லது. பவுடர் மேல இருக்குற ஈரத்தக் கொஞ்ச நேரம் உறிஞ்சும், அவ்ளோதான், கையில போட்டா மாவாப் பெசஞ்ச மாதிரி ஆயிடும். பாலியஸ்டர் சட்டை வேண்டாம், காட்டன் ஈரத்த இழுத்துக்கும், நம்ம பக்கத்துப் பெண்கள் கண்டாங்கியக் கோடையில விடாமக் கட்டுறது சும்மா இல்ல. காலுக்கு தினமும் ஒரே ஷூ போடாதீங்க, ஒண்ணு காயட்டும், விரலிடுக்க துடைச்சுக் காய வைங்க, இல்லன்னா சேத்துப்புண் வரும். போன்ல விரல் அச்சு வேலை செய்யலன்னா நம்பர் லாக் வச்சுக்கோங்க, ஆதார் ரேகை எடுக்கப் போறப்ப ஒரு துணி கொண்டு போங்க, ரேகை வைக்கிறதுக்கு முன்னாடி துடைச்சுக்கலாம்.

எங்க அக்கா மகளுக்கும் இது இருக்கு, ஒம்பதாவது படிக்குது. பரீட்சையில பேப்பர் ஊறுதுன்னு அழுதுட்டு வந்துச்சு, என் பழைய கதையச் சொன்னேன், அதுக்கப்புறம் அக்கா பள்ளிக்கூடத்துல போய்க் கேட்டு கைக்கடியில வைக்க ஒரு மை ஒத்துற அட்டைக்கு அனுமதி வாங்கிட்டா. ஜெல் பேனாவ விட்டுட்டு பால்பாயின்ட்டுக்கு மாறிடுச்சு. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்தப்ப எனக்குப் போட்டியா வளவுல நடந்து காட்டி யார் பாதம் சீக்கிரம் காயுதுன்னு எண்ணிட்டு இருந்துச்சு, அது பாதம்தான் மொதல்ல காஞ்சுது.